தொட்டுப் பார்த்துச் சொன்ன உப்பு

கோத்தகிரி
19 ஜனவரி 2025

சுலோவுக்கு,

பொங்கலன்று நீ பேச்சைப் பாதியில் துண்டித்த பிறகு பதினொரு முறை கூப்பிட்டேன். மணியே அடிக்கவில்லை. "அக்கா உங்க நம்பரை பிளாக் பண்ணிட்டாங்கண்ணா" என்று வசந்தா தன் போனில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. வசந்தா என்னோடு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிற பெண். கட்டிய மனைவி கதவைச் சாத்திவிட்டாள் என்பதை இன்னொருத்தி சொல்லித் தெரிந்துகொள்வது எவ்வளவு கேவலமாக இருந்தது தெரியுமா? அதனால்தான் கடிதம். இதை நீ பிளாக் பண்ண முடியாது, தபால்காரர் உங்கள் அப்பாவுக்குப் பழக்கம்.

ஆறு மாதத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போன ஜூனில் வந்தேன். நடுவில் ஆகஸ்டில் நான்கு நாள் வந்து போனதோடு சரி, இது எட்டாவது மாதம். நான் வேண்டுமென்றே இழுத்தடிக்கவில்லை. இங்கே என்ன நடக்கிறது என்று உனக்கு ஒருபோதும் ஒழுங்காகச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

இங்கே மண் கிடையாது. உருளைக்கிழங்குச் செடிக்கு வேண்டிய உப்புகளை மில்லிகிராம் கணக்கில் நிறுத்து, லிட்டருக்கு எண்பது கிராம் சர்க்கரை சேர்த்து, கடல்பாசிக் கூழில் உறைய வைத்துக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றுகிறோம். நோயில்லாத செடியின் கணு ஒன்றை அதில் நட்டு, கொஞ்சம் வளர்ந்ததும் இருட்டறையில் வைத்தால் தண்டில் மிளகு அளவுக்குக் கிழங்கு பிடிக்கும். அதுதான் விதை. அக்டோபரில் நான் கலந்து ஊற்றிய பதினான்காம் தொகுதியில் மிளகு அளவு இல்லை, பட்டாணி அளவுக்குப் பிடித்தது. வடக்கே இருந்து ஒரு விதை நிறுவனம் அதைப் பார்க்க வரப்போகிறதாம்.

முதலாளி தேவநாதன் சார் வெளிநாட்டில் படித்தவர். அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது உங்க கைராசிங்க அசோகன். நீங்க போயிட்டா நான் யாரை வெச்சுப் பண்றது?" என்றார். லீவு இல்லை என்று அவர் சொல்வதே இல்லை. வெளியே போக கேட் பாஸில் கையெழுத்துப் போடுவதில்லை, அவ்வளவுதான். சேர்ந்த அன்று வாங்கிய என் பட்டச் சான்றிதழும் அவர் அலமாரியில் இருக்கிறது.

கால் வீக்கம் எப்படி இருக்கிறது? ஒரு வரியாவது எழுது.

அசோகன்

—

மரக்காணம்
27 ஜனவரி

மாமாவுக்கு,

ஒரு வரி கேட்டாய். இந்தா ஒரு வரி: கால் வீங்கித்தான் இருக்கிறது.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நான் கத்துகிறேன், நான்காவது நிமிடம் நீ அழுகிற குரலில் பேசுகிறாய், அப்புறம் நான்தான் உன்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கிறது. அதற்குக் கடிதமே மேல். நான் எவ்வளவு கத்தினாலும் காகிதம் கேட்டுக்கொள்ளும்.

பட்டாணி அளவு கிழங்குக்காகவா பொங்கலுக்கு வரவில்லை? அதை உரித்துப் பொரியல் பண்ண எத்தனை நாள் ஆகும்?

புயலில் உப்பளப் பாத்தியெல்லாம் சேறு ஏறிக் கிடந்தது. இப்போதுதான் சேறு வாரி, தரையை மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். என்னை மிதிக்க விடவில்லை. திரௌபதி அத்தை, "வயித்துல புள்ளைய வெச்சிக்கினு ஏண்டி எறங்குற, போய் கொட்டாயில பாக்கெட் ஒட்டு" என்று துரத்திவிட்டது. அப்பாவுக்கு முட்டி வலி. எங்கள் பாத்திக்கு மட்டும் ஆள் இல்லை.

மாசியில் எனக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு. உனக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன், ஆனாலும் எழுதுகிறேன்: போன தடவை ஆறாம் மாதத்தில் வலி எடுத்தபோது நீ ஓசூரில் இருந்தாய். அப்பாதான் உப்பு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். அந்தப் பிள்ளையை நீ பார்க்கவே இல்லை, நான் பார்த்தேன். இந்தத் தடவை நான் தனியாக இருக்க மாட்டேன். சித்திரையில் பிரசவம் என்று நாள் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன் நீ இங்கே இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஒன்று மட்டும் புரியவில்லை. அங்கே அத்தனை பேர் இருக்கிறீர்களே, ஒருத்தருக்குமா கை இல்லை? நீ ஊற்றினால்தான் வரும் என்றால் அது என்ன கிழங்கா, சாமி வரமா?

சுலோசனா

—

கோத்தகிரி
5 பிப்ரவரி

சுலோ,

நீ கேட்ட கேள்விதான், நீ கேட்பதற்கு முன்பிருந்தே, பதினைந்து நாளாக என்னைத் தூங்க விடவில்லை. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பதினைந்தாம் தொகுதியை வசந்தா கலந்தாள். அதே குறிப்பு, அதே தண்ணீர், அதே சர்க்கரை. இலைதான் தழைத்தது, கிழங்கு இல்லை. பதினாறை நான் கலந்தேன், கிழங்கு கொட்டியது. பதினேழு வசந்தா, மறுபடி இலை. அவள் அழுதுவிட்டாள். தேவநாதன் சார் என் கையைப் பார்த்த பார்வையில் எனக்கே கை கூசியது.

வித்தியாசம் ஒன்றே ஒன்று. அவள் எடுப்பது டிசம்பரில் வந்த புதுப் புட்டி. நான் எடுப்பது என் அலமாரியில் இருக்கும் பழைய புட்டி.

அக்டோபர் மழையில் கூரை ஒழுகி, என் பக்கத்து அலமாரி நனைந்து, ஒரு புட்டியின் லேபிள் கூழாகிவிட்டது. உள்ளே வெள்ளைப் படிகம். ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் ஞானாம்பாள் மேடம், "என்னன்னு தெரியாததைத் தூக்கிப் போட்டுடுங்க" என்றார்கள். நான் இரண்டு விரலால் கிள்ளி உருட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், நான் மரக்காணத்துக்காரன். உப்பு எனக்குத் தெரியாதா? இது பொட்டாசியம் நைட்ரேட்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், எனக்குப் பெருமையாக இருந்தது. பதிவேட்டிலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சுலோ, நான் உப்பளத்தில் இறங்கி வேலை செய்தது மொத்தமே இரண்டு கோடைவிடுமுறை. அது உனக்குத் தெரியும், இவர்களுக்குத் தெரியாது.

இப்போது அது வேறு எதுவோ என்று சந்தேகம். சோதனைக்கு வெளியே அனுப்ப தேவநாதன் சார் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக் கேட்டால் ஏன் என்று கேட்பார். புட்டியில் பாதி இருக்கிறது. அதைப் பூட்டி வைத்துக்கொண்டு காவல் காக்கிறேன்.

அசோகன்

—

மரக்காணம்
12 பிப்ரவரி

மாமாவுக்கு,

படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். உள்ளே இருப்பதும் சேர்ந்து குதித்தது. அப்பாவிடம் படித்துக் காட்டியதும், "மாப்ள தொட்டுப் பாத்தே சொல்லிட்டாரா? நாப்பது வருசமா அதுலயே கெடக்குறேன், எனக்கே தெரியாதும்மா" என்றார். பிறகு சிரிப்பு நின்று கோபம் வந்தது. ஒரு ஜம்பப் பேச்சு, அதற்காக எட்டு மாதமா?

கையில் உருட்டினால் எல்லா உப்பும் ஒன்றுதான். எரித்துப் பார். என் சித்தப்பா கீழ்புத்துப்பட்டுத் திருவிழாவுக்கு வாணம் கட்டினவர், அவர் வைத்திருந்த வெடியுப்புதான் நீ சொல்லும் நைட்ரேட் என்று நீதானே கல்யாணமான புதிதில் எனக்குப் பாடம் எடுத்தாய்? வெடியுப்பைத் தணலில் போட்டால் உருகி, புஸ்ஸென்று சீறிக்கொண்டு எரியும். தணலே வெளுத்துப் போகும். சாப்பாட்டு உப்பு அப்படி எரியாது. திருஷ்டி சுற்றி அடுப்பில் போடுகிறோமே, அதுபோலப் பட பட என்று வெடித்துச் சிதறும், அவ்வளவுதான். உன் புட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுப் பார். வெளிநாட்டுப் படிப்பெல்லாம் வேண்டாம், சாம்பிராணிக் கரி போதும்.

எதுவாக இருந்தாலும் போய்ச் சொல்லிவிடு. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும். குடித்துவிட்டு பஸ் ஏறு.

வளைகாப்பு மார்ச் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

சுலோசனா

—

கோத்தகிரி
21 பிப்ரவரி

சுலோ,

வாட்ச்மேன் சாமி படத்துக்குச் சாம்பிராணி போடும்போது பக்கத்தில் போய் நின்றேன். முதலில் வசந்தாவின் புதுப் புட்டியிலிருந்து ஒரு சிட்டிகை போட்டேன். நீ சொன்னபடியே சீறி எரிந்தது. பிறகு என்னுடையது. பட பட என்று தெறித்து அடங்கிவிட்டது. வாட்ச்மேன், "யாருக்குங்க திருஷ்டி?" என்று கேட்டார்.

சரக்குப் பதிவேட்டைப் புரட்டினேன். அக்டோபரில் 'காணவில்லை' என்று ஒரு பொருள் குறித்திருக்கிறது: பொட்டாசியம் குளோரைடு. அதுவும் சாப்பாட்டு உப்பின் இனம்தான்; காணாமல் போகவில்லை, என் அலமாரியில் இருந்தது.

இப்போது எல்லாம் விளங்குகிறது. நைட்ரேட் போடாததால் என் செடிகளுக்கு நைட்ரஜனில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. வயலில் யூரியா அதிகம் போனால் இலை கொழுக்கும், காய் பிடிக்காது என்பார்களே, அதேதான். நைட்ரஜன் குறைந்து, சர்க்கரை நிறைய இருந்து, வெளிச்சமும் இல்லாவிட்டால், செடி இனிமேல் வளர்வதற்கில்லை என்று இருப்பதையெல்லாம் கிழங்கில் சேர்த்து வைக்கிறது. கைராசியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் தப்பு.

சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை சார் அறை வாசல் வரை போனேன். இரண்டாம் முறை அவரே கூப்பிட்டு உட்கார வைத்து, ஏப்ரலில் என்னை மேற்பார்வையாளராகப் போடப் போவதாகச் சொன்னார். குவார்ட்டர்ஸ் தருவாராம். நீயும் பிள்ளையும் இங்கேயே வந்துவிடலாம். எட்டு வருடத்தில் நான்கு இடத்தில் வேலை பார்த்திருக்கிறேன், ஒருவரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. வாயைத் திறக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

சொன்னால் பொய்ப் பதிவு என்று துரத்துவார், சான்றிதழும் போகும். சொல்லாவிட்டால் என் கையை விட மாட்டார். வடக்கத்திக்காரர்கள் வந்து போகும்வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறாயா? இரண்டாம் தேதிக்குக் கேட் பாஸ் கிடைக்கவில்லை.

அசோகன்

—

மரக்காணம்
4 மார்ச்

வளைகாப்பு நடந்தது. பக்கத்தில் நீ உட்கார வேண்டிய நாற்காலியில் சீர்த்தட்டை வைத்தார்கள். "மாப்ள வரலியா?" என்று முப்பது பேர் கேட்டார்கள். முப்பது பேருக்கும் சிரித்தேன். கண்ணாடி வளையல் போட்டு முடித்ததும் கழிவறையில் போய் உட்கார்ந்து அழுதேன்.

நேற்று சுகாதார நிலையத்தில் நர்சம்மா பிரஷர் பார்த்தார்கள். அதிகமாம், மாத்திரை கொடுத்தார்கள். "உப்பைக் கொறைம்மா" என்றார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் நிற்கிற தரை, உடுத்துகிற புடவை, குடிக்கிற தண்ணீர் எல்லாம் உப்பு, எதைக் குறைப்பது? இன்னும் ஏறினால் பாண்டிச்சேரிக்கு அனுப்புவார்களாம்.

நான் உன்னைக் கெஞ்சப் போவதில்லை. ஒன்று சொல்கிறேன். செடியைப் பட்டினி போட்டு, இருட்டில் அடைத்து, சர்க்கரையை மட்டும் கொடுத்தால் கிழங்கு வரும் என்று எழுதியிருந்தாய். உன்னையும் அவர் அப்படித்தான் வைத்திருக்கிறார் மாமா. கைராசி என்ற பேச்சுதான் உனக்குச் சர்க்கரை. கேட்டைப் பூட்டியது அவராக இருக்கலாம். அந்தச் சர்க்கரைக்கு நாக்கை நீட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பது நீ.

குவார்ட்டர்ஸ் எனக்கு வேண்டாம்.

சுலோசனா

—

கோத்தகிரி
10 மார்ச்

சுலோ,

சொல்லிவிட்டேன். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது, இன்று காலை சொல்லிவிட்டேன்.

புட்டியை சார் மேஜைமேல் வைத்து, லேபிள் நனைந்ததிலிருந்து சாம்பிராணிக் கரி வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, "இது வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

"எங்க வீட்ல தெரியும் சார்."

"வீட்ல எதுக்குச் சொன்னீங்க?"

"அவங்கதான் சார் கண்டுபிடிச்சாங்க."

புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பதிவேட்டை வரவழைத்து, பதினான்காம் தொகுதியின் பக்கத்தில் 'நைட்ரஜன் அளவைக் குறைத்துப் பார்க்கும் சோதனை' என்று என் கையாலேயே எழுதச் சொன்னார். தேதி அக்டோபர். எழுதினேன். ஒரு பொய்யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு பொய்யை வைத்தேன். அவருக்கு இப்போது அது தப்பு இல்லை, கண்டுபிடிப்பு.

வசந்தாவைக் கூப்பிட்டு, குளோரைடு போட்டு அறுபது புட்டி ஊற்றச் சொன்னார். என்னை உள்ளேயே விடவில்லை, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு, "வசந்தா போட்டதுலயும் கிழங்கு வரட்டும். வந்துட்டா சர்டிபிகேட்டை வாங்கிட்டு நீங்க தாராளமா கிளம்புங்க" என்றார்.

நாலு வாரத்தில் தெரிந்துவிடும். ஏப்ரல் முதல் வாரம். உன் நாளுக்கு முன்னாலேயே வந்துவிடுவேன். பிரஷர் மாத்திரையை விடாதே.

அசோகன்

—

மரக்காணம்
17 மார்ச்

மாமாவுக்கு,

சொன்னதற்குச் சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம். அந்த இடத்தை மட்டும் அப்பாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். "அவங்கதான் சார் கண்டுபிடிச்சாங்க" என்று நீ சொன்னதில் எனக்குக் கொஞ்சம் தலை கனத்துத்தான் போனது.

ஆனால் இப்போது நான் வசந்தாவின் கிழங்குக்காகக் காத்திருக்க வேண்டுமா? யாரோ ஒரு பெண் ஊற்றிய புட்டியில் முளை கட்டினால்தான் என் புருஷன் வீட்டுக்கு வருவான் என்றால், வராவிட்டால்? எனக்குப் பிரஷர் மாத்திரை, கால் வீக்கம், தலைவலி. பாக்கெட் ஒட்டும் வேலையையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறேன். நீ கண்ணாடிக்கு வெளியே நிற்கிறாய், நான் கூரைக்குக் கீழே கிடக்கிறேன்.

நான் இனிமேல் எழுதவில்லை. பேனா பிடித்தால் விரல் மதமதக்கிறது. வந்துவிடு.

சுலோசனா

—

கோத்தகிரி
6 ஏப்ரல்

சுலோ,

வந்துவிட்டது. அறுபதில் ஐம்பத்து மூன்று புட்டியில் கிழங்கு. வசந்தா இருட்டறையில், செடிக்கு உறைக்காத பச்சை விளக்கில் ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு வெளியே ஓடிவந்து, "அண்ணா, நீங்க ஊருக்குப் போலாம்ணா!" என்று கத்தினாள்.

உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. அவள் எண்ணிக்கொண்டிருந்தபோது, வராமல் போகட்டும் என்று என் மனதின் ஒரு மூலை ஆசைப்பட்டது. உன் கால் வீக்கம் தெரிந்தும், போன தடவை நடந்தது தெரிந்தும் ஆசைப்பட்டது. அவள் கத்தியபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பொறாமை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

சாரிடம் போய் நின்றேன். "ஒரு தடவை வந்தா அது அதிர்ஷ்டம் அசோகன். ரெண்டாவது தடவையும் வந்தாத்தான் அது விஞ்ஞானம். உங்களுக்குத் தெரியாததா?" என்றார். இன்னொரு தொகுதி. இன்னும் ஐந்து வாரம். சான்றிதழைப் பற்றிக் கேட்டேன். "பத்திரமா இருக்கு" என்றார்.

அவர் சொல்வது முறைப்படி சரிதான், அதுதான் கொடுமை.  சான்றிதழ் இல்லாமல் வந்தால் முப்பத்து மூன்று வயதில் நான் யார்? இருந்தால் உனக்கு நான் யார்? என்ன செய்யட்டும், நீயே சொல்.

அசோகன்

—

பாண்டிச்சேரி, ஆஸ்பத்திரி
11 ஏப்ரல், வெள்ளிக்கிழமை

நீயே சொல் என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கடிதத்தை அப்பா காலையில் கொண்டுவந்து தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார்.

நான் சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை கண் மங்கியது, இங்கே கொண்டுவந்தார்கள். புதன்கிழமை காலை அறுத்து எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒன்றே முக்கால் கிலோ. உயிரோடு இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், குழாய் வழியாகப் பால் போகிறது. கையெழுத்துப் போடப் புருஷன் எங்கே என்று கேட்டார்கள். அப்பா கட்டைவிரல் வைத்தார். மயக்க ஊசி போடும்போது உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேனாம். எனக்கு நினைவு இல்லை, அத்தை சொல்லித்தான் தெரியும்.

நீ இனிமேல் வர வேண்டியதில்லை. வர வேண்டிய நாள் போய்விட்டது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நீ அங்கேயே

சனிக்கிழமை

நேற்று இந்த இடத்தில் நர்ஸ் வந்து பேனாவைப் பிடுங்கிவிட்டார்கள். இன்று காலை நீ வந்து நின்றாய்.

இப்போது கட்டிலுக்குக் கீழே வெறும் தரையில் தூங்குகிறாய். கையில் பை இல்லை, சான்றிதழும் இல்லை. வியாழக்கிழமை கேட் பாஸ் எழுதாமலேயே பால் வண்டியில் ஏறி வந்துவிட்டேன் என்றாய். மரக்காணத்தில் வீடு பூட்டிக் கிடந்து, பக்கத்து வீட்டில் கேட்டுத்தான் இங்கே வந்திருக்கிறாய். அப்படியென்றால் பிள்ளை பிறந்தது தெரியாமலேயே கிளம்பியிருக்கிறாய். அதை ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். உன் பக்கம் சொல்ல எனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது.

வாயால் பேசினால் திட்டுதான் வருகிறது, காலையில் கேட்டாய் அல்லவா? அதனால் எழுதி உன் சட்டைப் பையில் வைக்கிறேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன், அது பொய். அந்த மூன்று நாளை நீ எந்த வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாலும் திருப்பித் தர முடியாது. ஆனால் கதவு திறந்து உன் முகம் தெரிந்ததும் எனக்கு மூச்சு சரியாக வந்தது. அதுவும் பொய் இல்லை.

எழுந்ததும் முகம் கழுவிக்கொண்டு கீழே பிறப்புப் பதிவு ஜன்னலுக்குப் போ. புதன்கிழமையே படிவம் கொடுத்தார்கள். அத்தை உன் பெயரை எழுதப் போனது, நான்தான் தடுத்தேன். அப்பா பெயர் என்ற இடம் மூன்று நாளாகக் காலியாக இருக்கிறது. அதை உன் கையால் நிரப்பு.

சுலோசனா